தரங்கம்பாடி: ஓசோன் காற்று உண்மையா? ஒரு நாள் போதுமா?

கேள்வி, ஜனவரி 4

பொங்கல் லீவில் தரங்கம்பாடி போகலாம் என்று வீட்டில் பேச்சு. கோவையிலிருந்து வருகிறோம். உலகத்திலேயே ஓசோன் காற்று அதிகம் உள்ள இரண்டாவது கடற்கரை அதுதான் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மாமனாருக்கு ஆஸ்துமா. அந்தக் காற்று அவருக்கு நல்லது என்கிறார்கள். உண்மையா? ஒரு நாள் போதுமா, இரண்டு நாள் வேண்டுமா?

ஜனவரி 4, இரவு 9.40

ஓசோனுக்காகத்தான் மாமனாரைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். ஓசோன் என்பது பதினைந்து, இருபது கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்வரைதான் நமக்குக் குடை. மூக்கருகே வந்தால் அது மூச்சுக்குழாயை எரிக்கும் வாயு. ஆஸ்துமாக்காரருக்கு முதலில் ஆகாதது அதுதான். வண்டிப் புகையின் மேல் வெயில் பட்டு உண்டாகிற சமாசாரம். ஒரு கடற்கரையில் அது உண்மையாகவே அதிகமாக இருந்தால் அங்கே பலகை வைத்து எச்சரிக்க வேண்டும், விளம்பரம் செய்யக் கூடாது.

இந்தக் கதை நம் ஊரில் முளைத்ததில்லை. 1840 வாக்கில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் ஓசோனைக் கண்டுபிடித்து, 'வாசனை வீசுவது' என்ற பொருள் வரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். அதன்பின் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களெல்லாம் 'எங்கள் காற்றில் ஓசோன்' என்று சொல்லி ஆள் சேர்த்தன. கடலோரத்தில் மூக்கில் ஏறும் அந்த வாடைக்குக் காரணம் ஓசோன் இல்லை. கடல்பாசியும் நுண்ணுயிர்களும் வெளியேற்றும் டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் அது. தரங்கம்பாடியில் அதோடு கருவாட்டு வாடையும் சேரும்.

'உலகத்திலேயே இரண்டாவது' என்கிறார்களே, முதலாவது எது என்று நான் கேட்ட ஒருவர்கூடச் சொன்னதில்லை.

காற்று நல்ல காற்றுதான், அதில் சந்தேகமில்லை. சாயங்காலம் அந்தக் காலத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முன்னால் உட்கார்ந்தால் சட்டை பலூன் மாதிரி உப்பும். அதற்கு இந்தப் பட்டம் தேவையில்லை.

ஜனவரி 5, காலை

ஒரு நாளா இரண்டு நாளா என்ற கேள்வியை விட்டுவிட்டேன். பார்க்க வேண்டிய எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நடந்தே பார்க்கலாம்.

மாயவரம் பக்கமிருந்து வந்தால் முதலில் வெள்ளை வாசல். நகர வாசல் என்று எழுதுவார்கள், நாங்கள் கேட் என்போம். இப்போது நிற்பது 1792இல் கட்டியது. அதற்குள் நுழைந்தால் நேராக ராஜா தெரு. அதில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. கொஞ்சம் தள்ளி 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், தமிழர்களுக்காக. முகப்பை நிமிர்ந்து பாருங்கள், கிரீடமும் அரசர் பெயரெழுத்தும் ஆண்டும் இருக்கும். அப்புறம் ஆளுநர் பங்களா, அதற்கு எதிரே மைதானத்துக்கு அப்பால் கோட்டை. கோட்டையைத் தாண்டி வடக்கே போனால் மாசிலாமணி நாதர் கோயில். அதற்குப் பிறகு கல்லும் கடலும்தான்.

முக்கியமான விஷயம்: கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நானே இரண்டு தடவை வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது தடவை பெண் வீட்டாரையும் கூட்டிப்போயிருந்தேன்.

ஜனவரி 5, மதியம்

குளிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். கரையோரம் பாறை கொட்டியிருக்கிறார்கள், அலை இழுக்கும். காலை நனைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஜனவரி 7

பெயருக்கு வருகிறேன். 'அலைகள் பாடும் ஊர், அதனால் தரங்கம்பாடி' என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் இன்னும் அழகு.

ஆனால் ஊர்ப்பெயரின் கடைசியில் வரும் 'பாடி' பாடுவதில்லை. குடியிருப்பு என்பதற்கான பழைய சொல் அது. ஆயர் இருந்தது ஆய்ப்பாடி. 'பாடி' என்றால் பாட்டு என்று எடுத்துக்கொண்டால் காட்பாடியில் காடு பாட வேண்டும். வாணியம்பாடியில் சரஸ்வதியே வந்து பாடினாள் என்று அந்த ஊர்க்காரர்கள் கதை வைத்திருக்கிறார்கள், ஆக நாம் மட்டும் தனி இல்லை.

மாசிலாமணி நாதர் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயில் எழுந்தது பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1305-06 வாக்கில். ஊருக்குக் குலசேகரன்பட்டினம் என்று தன் பெயரையும் ஏற்றினான். அது நிற்கவில்லை. சடங்கன்பாடிதான் வாயில் புரண்டு புரண்டு தரங்கம்பாடி ஆகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பின்னால் வந்த யாருக்கோ 'தரங்கம்' என்றால் அலை என்பது தெரிந்திருந்தது, கடலும் பக்கத்திலேயே இருந்தது, கதை தானாக முடிந்துவிட்டது. டேனிஷ்காரர்கள் அதையும் திருகி டிராங்கேபார் ஆக்கினார்கள்.

ஜனவரி 7, இரவு

'பாடுவதும் இல்லை, ஓசோனும் இல்லை, பிறகு எதற்குப் போகணும்?' என்று கேட்டவருக்கு: பொறுங்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். வந்து எழுதுகிறேன்.

ஜனவரி 14

பொங்கல் வைத்தாயிற்று. மொட்டை மாடியிலிருந்து எழுதுகிறேன்.

டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியைத் தேடி வந்தார்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் கிளம்பியது இலங்கைக்கு. போர்த்துக்கீசியரை விரட்ட உதவி வேண்டும் என்று கண்டி அரசர் கேட்கிறார் என்று நம்பி, 1618 கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. தலைமை ஓவே யெட்டே. (கெட்டி, ஜெட்டே, ஜிட்டே என்று தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.) அப்போது அவருக்கு 24 வயது நிறையவில்லை. வழியிலேயே ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1620இல் இலங்கையைத் தொட்டபோது கண்டி அரசர் போர்த்துக்கீசியரோடு ஏற்கெனவே சமாதானம் ஆகியிருந்தார். கல்யாணத்துக்குக் கிளம்பி வந்தால் மாப்பிள்ளை வேறு இடத்தில் தாலி கட்டிவிட்ட கதை.

அவர்களுக்கு முன்னால் வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசியர் மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரரும் பதின்மூன்று பேரும் தப்பித் தஞ்சாவூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரகுநாத நாயக்கருக்கும் ஐரோப்பிய வியாபாரம் வேண்டியிருந்தது. அப்படித்தான் 1620 நவம்பரில் ஒப்பந்தம், மீன்பிடிக் கிராமத்தில் கோட்டை கட்ட அனுமதி. நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. ஆக, எங்கள் ஊர் அவர்களுக்கு இரண்டாவது திட்டம்.

ஆனால் எனக்குப் பிடித்த ஆள் யெட்டேவும் இல்லை, கிராப்பேயும் இல்லை. எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே.

இவர்களை அனுப்பிய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருமானம் இல்லை, டென்மார்க் ஐரோப்பாவில் சண்டைகளில் மாட்டிக்கொண்டது. 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் அங்கிருந்து ஒரு கப்பல்கூட அனுப்பவில்லை. இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், ஓடினார்கள். 1655 வாக்கில் கோட்டையை வைத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு ஆள். சாதாரணக் குடியில் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். நாயக்கர் படை வந்து முற்றுகை போடும், சமாளிப்பார். வங்காள விரிகுடாவில் போகிற கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்பார். கொள்ளைதான், வேறு சொல் இல்லை. அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669 மே மாதம் ஒரு டேனிஷ் கப்பல் வந்து எட்டிப் பார்க்கிறது, கோட்டையில் கொடி அப்படியே பறக்கிறது.

அந்தக் கப்பலைத் தூரத்தில் பார்த்தபோது அந்த மனுஷன் என்ன நினைத்திருப்பார்? முப்பது வருடக் கணக்கு வழக்கைக் கேட்பார்களே என்று பயந்திருப்பார் என்பது என் தம்பியின் கருத்து. அவன் வங்கியில் வேலை பார்க்கிறான்.

ஜனவரி 15

ரயிலில் வரலாமா என்று கேட்டவருக்கு: மயிலாடுதுறைவரை ரயில், அங்கிருந்து பஸ், முப்பது கிலோமீட்டர். ஒரு காலத்தில் தரங்கம்பாடிக்கே ரயில் இருந்தது. 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று வரும். 1984இல் நிறுத்திவிட்டார்கள். அப்பாவோடு பொறையாரிலிருந்து மாயவரத்துக்கு அதில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வண்டி ஓடும்போதே இறங்கி, வேலியோரம் ஒதுங்கிவிட்டு, ஓடி வந்து ஏறிக்கொள்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மிகை என்று நினைப்பீர்கள், கொஞ்சம் மிகைதான்.

ஜனவரி 16

திருத்தம். 1984 இல்லை, 1986. அம்மாவிடம் மேலே எழுதியதைப் படித்துக் காட்டினேன். 'நீ ஆறாம் கிளாஸ் முடிச்ச வருஷம்டா, ரயில் நின்னுபோச்சுன்னு உங்க அப்பா சைக்கிள் வாங்கினார்' என்றார். சைக்கிள் ரசீது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சரித்திரம் எழுதுகிறவர்கள் அம்மாவை வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

ஜனவரி 19

சீகன்பால்கு பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள் என்பதால் தள்ளிப் போட்டேன்.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது அந்த ஜெர்மன் பாதிரியாருக்கு 24 வயது நடந்துகொண்டிருந்தது. கூட வந்தவர் புளுட்சோ. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ஆனால் இங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கே அவரைப் பிடிக்கவில்லை. வியாபாரம் செய்யுமிடத்தில் இதென்ன தலைவலி என்று நினைத்தார்கள். 1708 கடைசியில் கோட்டைத் தளபதி அவரைப் பிடித்து நாலு மாதம் கோட்டைக்குள் அடைத்தார். சொந்த அரசர் அனுப்பிய ஆளை அந்த அரசரின் கோட்டையிலேயே பூட்டினார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, நூறுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போட்டார். நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். 'உன்னை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை' என்ற ரீதியில் பதில் வந்தது. அந்தக் கையெழுத்துப் பிரதி அச்சேறியது 1867இல். 154 வருடம் கிடப்பில்.

அச்சுக்கூடக் கதைதான் எனக்கு ருசியானது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். 1713இல் வந்து சேர்ந்தன. ஆனால் பெரிய பெரிய எழுத்து. அந்த அளவில் அடித்தால் காகிதம் கட்டாது, காகிதமோ கப்பலில் வர வேண்டும். அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளாக வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்றில் சொல்வார்கள். காகிதத்துக்கும் எங்கள் பொறையார் பக்கத்தில் ஆலை வைத்துப் பார்த்தார்கள். 1714இல் நற்செய்திகள், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும். தமிழில் அச்சான முதல் நூல் இப்படி ஒரு கடலோர ஊரில் பிறந்தது.

36 வயதில், 1719இல் இறந்தார். புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே கல்லறை.

ஜனவரி 20

மேலே கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒரு பிழை. ஊர்ப்பாசம் கண்ணை மறைத்துவிட்டது. தமிழில் அச்சான முதல் நூல் தரங்கம்பாடியில் வந்ததில்லை. தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது, அண்டிரிக் அடிகளார் செய்தது. சீகன்பால்கு பிறப்பதற்கு நூறு வருடம் முன்னால். அதற்கும் முன்பு 1554இல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில் தமிழ். தரங்கம்பாடியின் உண்மையான பெருமை, இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு முழுசாக அச்சானது அங்கேதான் முதலில் என்பது. அதுவே பெரிசு.

ஓசோன்காரர்களைக் கிண்டல் செய்துவிட்டு நானே மாட்டிக்கொண்டேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 26

கோயிலைப் பற்றி. இன்றைக்குப் போகிறவர்கள் மாசிலாமணி நாதர் கோயில் கடற்கரையில் கட்டப்பட்டது என்று நினைப்பார்கள். கடல்தான் கோயிலுக்கு வந்தது. முன் மண்டபம், கோபுரம் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. நான் சின்னப் பையனாக இருந்தபோது இடிந்த சுவரின் செங்கல் வரிசை அலைக்கு நடுவே கறுப்பாகத் தெரியும். வற்று நேரத்தில் அதன்மேல் ஏறி நின்று தூண்டில் போடுவார்கள். அதே செங்கலில் சிப்பி ஒட்டி வளர்ந்து காலைக் கிழிக்கும். என் இடது பாதத்தில் அந்தத் தழும்பு இருக்கிறது. பாண்டியன் கோயில் கொடுத்தது என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

கோட்டைக்கு வெளியே இருந்த மதிலும் அப்படித்தான் போயிற்று. 1707இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தையும் கடல் எடுத்துக்கொண்டது, 1718இல் கட்டியதுதான் 'புதிய' எருசலேம். எங்கள் கடல் கோயில், சர்ச் என்று வித்தியாசம் பார்க்காது.

ஜனவரி 26, இரவு

மேலே கடைசி வரியை எழுதிவிட்டு அது சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடல் மீனவர் தெருக்களில் என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். நான் அன்றைக்குச் சென்னையில் இருந்தேன். மூன்றாம் நாள்தான் ஊருக்குப் போக முடிந்தது. கோட்டை அப்படியே நின்றது. அதன் வடக்கே வீடுகள் இருந்த இடத்தில் வீடுகள் இல்லை. என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் வீட்டில் குழந்தைகள் போய்விட்டார்கள். நினைவுத்தூண் இருக்கிறது, போகிறவர்கள் அங்கேயும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். செல்ஃபி வேண்டாம்.

பிப்ரவரி 1

கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். மேல்மாடியில் சீனத் தேநீர் ஜாடிகள், வாள், ஈட்டி, சுடுமண் பொம்மைகள், சின்னச் சின்ன பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கில எலும்பு. திமிங்கிலத்துக்கும் டேனிஷ்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று என் மகள் ஐந்து வயதில் கேட்டாள். இன்றுவரை பதில் சொல்லவில்லை. கீழே வளைவுக் கூரை அறைகள். கிடங்கு, சிறை எல்லாம் அங்கேதான். வெளியே உச்சிவெயில் அடித்தாலும் உள்ளே குளிரும், வௌவால் நாற்றமும் இருக்கும்.

அருங்காட்சியகத்தைவிட நல்ல டேனிஷ் பொருள் எங்கள் வீட்டிலேயே இருந்தது. பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் ஒரு சின்ன ஈயக் காசு. புயலுக்கு மறுநாள் மணல் அரித்துப் போன கரையில் பையன்கள் பொறுக்குவார்கள். அப்படி என் மாமா பொறுக்கியது. ஒரு பக்கம் கிரீடமும் பின்னல் எழுத்தும், மறுபக்கம் ரோமன் எண்ணில் நாலு. நாலு என்றால் நான்காம் கிறிஸ்டியன், கோட்டை கட்டச் சொன்ன அதே அரசர். ஆக 400 வருடக் காசு.

பிப்ரவரி 2

தம்பியிடம் காசைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். இனி இந்த இழையில் நான் நிச்சயமாக எதையும் சொல்வதாக இல்லை.

முதலில், அது ஈயம் இல்லை, செம்பு. பாட்டியின் சுண்ணாம்பு ஏறி வெளுத்திருந்ததை ஈயம் என்றே நினைத்திருக்கிறேன். தம்பி புளி போட்டுத் தேய்த்துவிட்டான். (காசு சேர்க்கிறவர்கள் திட்டப்போகிறீர்கள், அவனிடம் சொல்லிவிட்டேன்.) இரண்டாவது, கிரீடத்துக்குக் கீழே இருப்பது 'சி' எழுத்துக்குள் பின்னிய ஏழு. ஏழாம் கிறிஸ்டியன், 1766 முதல் 1808 வரை அரசர். மூன்றாவது, மறுபக்கத்து நாலு அரசரின் எண் இல்லை, காசின் மதிப்பு. நாலு காஸ். அதன்கீழ் ஆண்டில் 17 மட்டும் தெரிகிறது, மிச்சம் தேய்ந்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் இளைய காசு!

அந்த 'காஸ்' நம் காசுதான். டேனிஷ் அரசரின் கிரீடத்துக்கு மறுபக்கம் தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் அடித்திருக்கிறார்கள். ஆங்கிலேயரும் சென்னையில் இதைத்தான் 'கேஷ்' என்றார்கள்.

பிப்ரவரி 9

கொஞ்சம் வம்பு பேசலாமா? நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலிராண்டின் மனைவி தரங்கம்பாடியில் பிறந்தவர். கேத்தரின் வெர்லே, 1762. அப்பா பிரெஞ்சுக்காரர். பதினைந்து வயது முடியும் முன்பே வங்காளத்தில் கிராண்ட் என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியோடு கல்யாணம். 1778 டிசம்பரில் ஒரு ராத்திரி அவர் வீட்டுக்கு மூங்கில் ஏணி வைத்து ஏறினார் பிலிப் பிரான்சிஸ், வங்காள ஆட்சிக் குழுவிலேயே ஒருவர். வேலைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கல்கத்தா கோர்ட்டில் கணவருக்கு 50,000 ரூபாய் நஷ்டஈடு தீர்ப்பானது. அப்புறம் கேத்தரின் ஐரோப்பா போய், பாரிஸில் 1802இல் தாலிராண்டை மணந்தார்.

அவர் பிறந்த வீடு எது என்று கேட்காதீர்கள். கேட்டால் ராஜா தெருவில் யாராவது ஒரு வீட்டைக் காட்டிவிடுவார்கள், அடுத்த வாரம் அது வீடியோவில் வந்துவிடும்.

பிப்ரவரி 15

'இவ்வளவு பெரிய ஊர் ஏன் இப்படித் தூங்குகிறது?' நல்ல கேள்வி. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. கொஞ்ச காலம் கலெக்டர் இங்கேதான் இருந்தார். அப்போதே ஊர் அடங்கிவிடவில்லை. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, சரக்கெல்லாம் அந்தத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு ரயில் வந்தது 1926இல், அறுபத்தைந்து வருடம் தாமதமாக. வந்தபோது ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை. அதுவும் போனதைத்தான் மேலே எழுதிவிட்டேனே.

தூங்கியதால் மிஞ்சியது என்றும் சொல்லலாம். வியாபாரம் பெருகியிருந்தால் கோல்ட்ஸ்மித் தெருவின் தூண் வைத்த திண்ணை வீடுகளெல்லாம் எப்போதோ காம்ப்ளெக்ஸ் ஆகியிருக்கும். சுனாமிக்குப் பிறகு அந்த வீடுகளில் சிலவற்றைச் சுண்ணாம்பும் மெட்ராஸ் ஓடும் வைத்துப் பழைய மாதிரியே புதுப்பித்தார்கள். எனக்குக் கோட்டையைவிட அந்தத் தெரு பிடிக்கும். சாயங்காலம் திண்ணையில் யாராவது பூ கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று: தில்லையாடி ஐந்தாறு கிலோமீட்டர்தான். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர். 1915இல் காந்தி அங்கே வந்தார். வண்டி வைத்திருந்தால் விடாதீர்கள்.

மார்ச் 3

கேள்வி கேட்ட கோவை நண்பர் பொங்கலுக்குப் போக முடியாமல் போன வாரம்தான் போய்வந்திருக்கிறார். தனிச்செய்தியில் எழுதியிருந்தார், அனுமதியோடு சொல்கிறேன். வெள்ளிக்கிழமை போயிருக்கிறார்.

'நீங்கள் எழுதியது ஞாபகம் இருந்தது, ஆனால் மாமியார் வெள்ளிக்கிழமை திருக்கடையூர் அபிராமியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்' என்கிறார். கோட்டை பூட்டு. மைதானத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்களாம், மாமனார் மதிலோரம் பீரங்கி நிழலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அம்பயராக இருந்தாராம். மூச்சுத் திணறல் எதுவும் வரவில்லை. இப்போது கோவையில் எல்லாரிடமும் ஓசோன்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.